இரு திரைகளும் ஒரு கணினியும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் முற்காலத்தில் வானொலிப் பெட்டி வீற்றிருந்தது. பின்னர் அவ்விடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. இன்றோ, பல இல்லங்களில் ஒரு மூலையில் மேசைக் கணினியும், அதனுடன் ஒன்றுக்கு இரண்டாகத் திரைகளும் இடம்பெற்றுவிட்டன. 1990ஆம் ஆண்டில் கழக்கூட்டத்தை அடுத்து டெக்னோபார்க் தோன்றிய நாள்முதல் கணினித் தொழில் இந்நகரில் வளர்ந்து வந்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று அத்தொழிலை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கே கொணர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விக்டர்ஸ் அலைவரிசை வாயிலாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது, நம் சிறுவர்களும் திரையின் முன் அமர்ந்தே பாடம் கேட்டனர். தமிழ்வழி மாணாக்கருக்கும் அவ்வாறே வகுப்புகள் நடைபெற்றன.

இரண்டு திரை இருப்பின் ஒன்றில் மூலத்தை வைத்துக்கொண்டு மற்றொன்றில் எழுதலாம். கணக்கர், தட்டச்சர், மாணாக்கர் ஆகிய அனைவருக்கும் இது பேருதவி. ஆயினும், இரண்டாவது திரையை இணைத்த மறுகணமே தொல்லை தொடங்குவதும் உண்டு. எழுத்துகள் பருத்துத் தோன்றும். அல்லது பனிமூட்டத்தில் கண்டாற்போல மங்கும். வட்டம் முட்டை வடிவாகும். படத்தின் ஓரம் வெட்டுண்டு போகும். சில வேளை, வந்த படம் தன் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டுத் திரை இருண்டுவிடும். இவற்றைக் கண்டதும், பொருள் கெட்டுவிட்டது என முடிவு செய்து புதிது வாங்க ஓடுவோர் பலர். உண்மையில் இத்தொல்லைகளுள் பெரும்பாலானவை பொருளின் குற்றமல்ல. அமைப்பின் குற்றம், அல்லது ஒரு சிறு கேபிளின் குற்றம். இதனை அன்பர்கள் தாமே கண்டறிந்து திருத்திக்கொள்ளும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பொறியியல் கற்றவர் அல்லேம். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவர். ஆயினும், பயணச்சீட்டுச் சாளரத்தில் எழுத்தர் காண ஒரு திரையும், பயணி காண ஒரு சிறு திரையும் இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். இரண்டும் ஒத்து இயங்காவிடில் என்ன குழப்பம் விளையும் என்பதை அச்சாளரத்தின் உட்புறத்திலிருந்து காண்பவர் என்னும் உரிமையோடு இதனை எழுதுகிறோம்.

ரெசல்யூஷன் என்பது யாது?

நம் தாய்மார்கள் வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைவிற் கொள்ளுங்கள். வரிசைக்கு இத்தனை புள்ளி, இத்தனை வரிசை என்று முதலில் வைத்துக்கொண்டு, பின்னரே கோடு இழுப்பார்கள். கணினித் திரையும் அத்தகையதே. ஆனால், கோலத்தின் புள்ளிகளை விருப்பம்போல் வைக்கலாம். இக்காலத்துத் தட்டைத் திரையின் புள்ளிகளோ தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுவிட்டன. அவற்றைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. வரிசைக்கு 1920 புள்ளிகளும், அத்தகைய வரிசைகள் 1080உம் கொண்ட திரையில் ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. இந்த எண்ணிக்கையே அத்திரையின் சொந்த ரெசல்யூஷன், அதாவது தெளிவுத்திறன், எனப்படுவது.

இனி, கணினி அனுப்பும் படம் 1024 புள்ளிகளும் 768 வரிசைகளும் கொண்டதாயின் என்ன நிகழும்? அதில் உள்ளவை 7,86,432 புள்ளிகளே. அவற்றை இருபது இலட்சம் புள்ளிகளின்மேல் பரப்ப வேண்டும். குறுக்கே ஒரு புள்ளிக்கு 1.875 புள்ளி என்னும் கணக்கு வருகிறது. முக்கால் புள்ளி, அரைப் புள்ளி என்று திரையில் ஏதும் இல்லை. ஆதலால் அருகருகே உள்ள நிறங்களைக் கலந்து திரை எப்படியோ ஒப்பேற்றுகிறது. மங்கலுக்குக் காரணம் இதுவே. மேலும், நெடுக்கே ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 1.4 புள்ளிதான் வருகிறது. குறுக்கு மிகுதியாகவும் நெடுக்குக் குறைவாகவும் விரிவதால் வட்டம் முட்டையாகிறது. பழைய குழாய்த் திரைகளில் மின்கற்றை நகர்ந்து படத்தை வரைந்தமையால் இக்குறை இவ்வளவு வெளிப்படையாகத் தோன்றவில்லை.

ஆங்கில எழுத்தைக் காட்டிலும் தமிழ் எழுத்துக்கு இம்மங்கல் கொடியது. நம் மெய்யெழுத்தின் உயிர் அதன் தலைமேல் உள்ள ஒரு புள்ளியில் இருக்கிறது. அது கலைந்தால் ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். ‘ன’கரத்தின் சுழிக்கும் ‘ண’கரத்தின் சுழிக்கும் உள்ள வேறுபாடும் கரைந்துபோகும். தமிழில் அச்சுப்பிழை திருத்துவோரும், திரையில் பாடம் படிக்கும் சிறுவரும் இதனால் படும் இடர் சொல்லுந்தரமன்று.

திரையும் கணினியும் பேசிக்கொள்ளுதல்

ஒரு திரையின் சொந்த அளவு எது என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது? 1994ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒரு முறை இதற்கு உதவுகிறது. ஒவ்வொரு திரையும் தன்னைப் பற்றிய ஒரு குறிப்பைத் தன்னகத்தே வைத்திருக்கும். இ.டி.ஐ.டி. எனப்படும் அக்குறிப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட் அளவே உள்ளது. செய்தவர் யார், ஏற்கும் அளவுகள் யாவை, சொந்த அளவு எது என்பன அதில் அடங்கும். கேபிளைச் செருகியதும் கணினி அதனை வாங்கிப் படித்து, அதற்கேற்பப் படம் அனுப்பும்.

இக்குறிப்பு வந்து சேராவிடில், முகவரி அறியாத அஞ்சல்காரரைப் போலக் கணினி தடுமாறும். எத்திரைக்கும் தீங்கு செய்யாத ஒரு சிறிய அளவை, பெரும்பாலும் 1024க்கு 768 என்பதை, அல்லது அதனினும் சிறிய 640க்கு 480 என்பதைத் தானாகவே தெரிந்துகொள்ளும். பதினைந்து ஊசிகள் கொண்ட பழைய வி.ஜி.ஏ. கேபிளில் இக்குறிப்பு 12ஆம், 15ஆம் ஊசிகளின் வழியே செல்கிறது. மலிவான சில கேபிள்களில் இவ்விரண்டிற்கும் உள்ளே கம்பியே இராது. படம் வரும், நிறமும் வரும், குறிப்பு மட்டும் வாராது. கேபிள் நன்றாக இருப்பதாகவே காண்போர் எண்ணுவர்.

இரட்டித்தலும் நீட்டித்தலும்

ஒரு கணினியில் இரு திரை என்பது புதிய செய்தியன்று. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியிலேயே எழுத்துக்கு ஒரு திரையும், வண்ணப் படத்துக்கு மற்றொரு திரையும் பொருத்த இயன்றது. 1987இன் மாக்கிண்டாஷ் இரண்டு கணினி பல திரைகளை ஒரே பரப்பாகக் கொண்டது. 1998இல் வந்த விண்டோஸ் 98, ஒன்பது திரை வரை ஏற்றது. ஆனால், இரு திரைகளை ஆளும் வழி இரண்டு என்பதையும், அவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதையும் பலர் இன்றும் அறிந்திலர்.

ஒன்று, ஒரே படத்தை இரு திரைக்கும் அனுப்புதல். இதனை ‘டூப்ளிகேட்’ என்பர். மற்றொன்று, ஒவ்வொரு திரைக்கும் அதனதன் படத்தைத் தனியே அனுப்புதல். இது ‘எக்ஸ்டெண்ட்’ எனப்படும். 1976ஆம் ஆண்டு வரை திருவனந்தபுரத்துக்கு மீட்டர் கேஜ் பாதையே இருந்தது. அவ்வாண்டு அகலப் பாதை வந்த பின்னும், கொல்லத்திலிருந்து செங்கோட்டை செல்லும் மலைப்பாதை நெடுங்காலம் மீட்டர் கேஜாகவே நின்று, 2018இல்தான் முழுமையும் அகலமாயிற்று. ஒரே வண்டி இரு பாதையிலும் ஓட இயலாது என்பதை அவ்வழியே ஊர் சென்ற நம் முதியோர் நன்கு அறிவர். டூப்ளிகேட் முறையில் கணினி அனுப்புவது ஒரே வண்டி. எனவே, இரு திரையும் ஏற்கக்கூடிய பொதுவான அளவையே அது நாட வேண்டியதாகிறது. சிறிய திரை எதுவோ அதன் அளவுக்குப் பெரிய திரையும் இறங்கிவிடும். எக்ஸ்டெண்ட் முறையிலோ, அகலப் பாதைக்கு ஒரு வண்டி, குறும்பாதைக்கு ஒரு வண்டி. ஒன்றால் மற்றொன்றுக்கு இடையூறில்லை.

2018இல் கேரள அரசு தன் ‘கைட்’ நிறுவனத்தின் வாயிலாக 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மடிக்கணினியும் புரொஜெக்டரும் அத்தகைய வகுப்பறையின் அங்கங்கள். வகுப்பில் ஒரே படம் இரு இடத்திலும் தோன்றுவதே பயன். ஆகையால் அங்கே டூப்ளிகேட் முறை பொருந்தும். மடிக்கணினியின் தெளிவு சற்றுக் குறைந்தாலும் கேடில்லை. வீட்டுப் பணிக்கு வேண்டுவது அதுவன்று.

நாம் கண்ட ஒரு குடும்பம்

கரமனைப் பகுதியில் தையல் வேலை செய்து மகளைப் பட்டதாரியாக்கிய ஓர் அம்மையாரை நாம் அறிவோம். மகளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் பணி ஒன்று கிடைத்தது. விலைச் சீட்டுகளின் படம் ஒரு திரையில் வரும். அதிலுள்ள தொகைகளை மறுதிரையில் பதிய வேண்டும். முதல் மாதம் சோதனைக் காலம். பிழை மிகுந்தால் வேலை நிலைக்காது. வீட்டில் இருந்த பழைய திரை 1366க்கு 768 அளவுடையது. கடன் வாங்கிப் புதிதாக 1920க்கு 1080 அளவுள்ள திரை ஒன்றையும் வாங்கினர். இரண்டையும் இணைத்ததும், புதிய திரையும் மங்கிவிட்டது. அப்பெண் 3 என்பதை 8 என்றும், 5 என்பதை 6 என்றும் படித்துப் பதிந்துகொண்டிருந்தாள். முதல் வாரத்திலேயே எச்சரிக்கை வந்தது.

பழுது பார்க்கும் கடை ஒன்றில், கிராஃபிக்ஸ் கார்டு புதிதாகப் போட வேண்டும் என்று கூறிவிட்டனர்.

“தம்பி, வளையலை அடகு வைத்தால்தான் அந்தக் கார்டு வாங்க முடியும். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை” என்றார் அம்மையார்.

“பார்க்கலாம், அக்கா. வளையல் கையிலேயே இருக்கட்டும்” என்று கூறிச் சென்றோம்.

சென்று கண்டபோது, இரு திரையும் டூப்ளிகேட் முறையில் 1024க்கு 768 என்னும் அளவில் இருந்தன. எக்ஸ்டெண்ட் முறைக்கு மாற்றினோம். உடனே புதிய திரை தன் சொந்த அளவை அடைந்து பளிச்சிட்டது. பழைய திரை மட்டும் அதே 1024க்கு 768இல் நின்றது; அதன் பட்டியலில் 1366 என்னும் அளவே காணப்படவில்லை. அந்தப் பழைய திரை வி.ஜி.ஏ. கேபிளில் இணைந்திருந்தது. அளவுக் குறிப்பு வரவில்லை என்பது இதனால் விளங்கிற்று. நம் வீட்டிலிருந்த வேறொரு கேபிளைக் கொணர்ந்து செருகியதும் பட்டியலில் உரிய அளவு தோன்றியது. அதனைத் தெரிந்தெடுத்ததும் எழுத்து தெளிந்தது. ஆயிரக்கணக்கில் செலவாகும் என்றிருந்த குறை, இருநூறு ரூபாய்க்குள் ஒரு புதிய கேபிளோடு தீர்ந்தது. கார்டு வாங்கியிருப்பினும் அந்தக் கேபிள் மாறாமல் பழைய திரை திருந்தியிராது என்பதை நோக்குக. அப்பெண் சோதனைக் காலத்தைக் கடந்து இன்று அப்பணியில் நிலைபெற்றிருக்கிறாள்.

படிப்படியாகச் செய்யத்தக்கவை

முதலாவதாக, விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் ஒருசேர அழுத்துக. நான்கு தேர்வுகள் தோன்றும். அவற்றுள் எக்ஸ்டெண்ட் என்பதைத் தெரிந்தெடுக்க. உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகளில், செட்டிங்ஸில் உள்ள டிஸ்ப்ளேஸ் பகுதியில் ‘மிரர்’ என்பதை விடுத்து ‘ஜாயின்’ என்பதைக் கொள்க. தொல்லைகளுள் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, வெறுந்திரையில் வலப்பொத்தானை அழுத்தி, டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறக்க. 1, 2 என இரு கட்டங்கள் காணப்படும். ‘ஐடென்டிஃபை’ என்பதை அழுத்தினால் எந்த எண் எந்தத் திரை என்பது தெரியும். திருத்த வேண்டிய திரையின் கட்டத்தை முதலில் தொட்ட பின்னரே அளவை மாற்ற வேண்டும். இதனை மறந்து, நன்றாயிருந்த திரையின் அளவை மாற்றிவிட்டு வருந்துவோர் உண்டு. அளவுப் பட்டியலில் ‘ரெகமெண்டட்’ எனக் குறித்திருப்பது அத்திரையின் சொந்த அளவு, அதனையே கொள்க. மாற்றியபின் திரை இருண்டுபோனால் அஞ்ச வேண்டா. எந்த விசையையும் தொடாமல் பதினைந்து விநாடி பொறுத்திருப்பின் பழைய நிலை தானே திரும்பும்.

மூன்றாவதாக, உரிய அளவு பட்டியலிலேயே இல்லாவிடில் கேபிளை ஐயுறுக. இரு திரைகளும் ஒரே வகைச் செருகுவாய் உடையனவாயின், கேபிள்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்கலாம். குறை கேபிளோடு சென்றால் கேபிளின் குற்றம்; திரையோடு நின்றால் திரையின் குற்றம்; கணினியின் அதே வாயில் நின்றால் அவ்வாயின் குற்றம். காசு செலவில்லாத சோதனை இது.

நான்காவதாக, டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்னும் பகுதியைக் காண்க. ஆங்கே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால், உரிய டிரைவர் இல்லை என்று பொருள். விண்டோஸைப் புதிதாக நிறுவிய பின்னர் இவ்வாறு நேர்வதுண்டு. இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகியவற்றுள் எந்நிறுவனத்தின் சில்லு உள்ளதோ அந்நிறுவனமே டிரைவரை விலையின்றி வழங்குகிறது.

ஐந்தாவதாக, கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பின், இரு கேபிள்களையும் கார்டின் வாய்களிலேயே செருகுக. கார்டு இருக்கும்போது மதர்போர்டின் வாய்கள் பெரும்பாலும் உறங்கிவிடும்.

தொலைக்காட்சிப் பெட்டியை இரண்டாவது திரையாகக் கொண்டோர்க்கு ஒரு சொல். படத்தின் ஓரம் வெட்டுண்டால் கணினியில் தேட வேண்டா. தொலைக்காட்சியின் பட அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ போன்ற பெயரில் உள்ள தேர்வை இட்டால் ஓரம் திரும்பிவிடும். 3840க்கு 2160 அளவுள்ள பெரிய திரையில் சுட்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால், இணைப்பின் தகுதியை நோக்குக. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறை அவ்வளவில் விநாடிக்கு 30 படங்களையே தாங்கும். 60 வேண்டுமாயின் 2013இல் வந்த 2.0 முறையோ, அதற்கு இணையானதோ தேவை. திரை, கேபிள், கணினி மூன்றும் அதற்கு இசைய வேண்டும். பழைய கணினியில் இதுமட்டும் அமைப்பினால் தீராத குறை. அங்கே சற்றுச் சிறிய அளவோடு அமைவதே சிக்கனம்.

முதியோர்க்காக

எழுத்து சிறிதாயிருக்கிறது என்று தாத்தாவும் பாட்டியும் குறைப்படும்போது, பிள்ளைகள் ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கித் தருகின்றனர். இது கண்ணுக்கு நன்மையன்று. எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கும், மங்கிய எழுத்தைக் கூர்ந்து நோக்கிக் கண் சோரும். ரெசல்யூஷனைச் சொந்த அளவிலேயே விட்டுவிட்டு, அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 விழுக்காடாக்குக. எழுத்து பெரிதாகவும் இருக்கும், தெளிவாகவும் இருக்கும். இரு திரைக்கும் வெவ்வேறு விழுக்காடு வைக்கவும் இடமுண்டு.

சில எச்சரிக்கைகள்

கேபிளைக் கழற்றுமுன் கணினியையும் திரையையும் நிறுத்திவிடுக. ஐப்பசி மாதத்து மாலைகளில் இந்நகரில் இடிமழை மிகுதி. மின்னல் தொடங்கியதும் பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. மின்செருகியையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுதல் வேண்டும். இதில் சோம்பினால் இரு திரைகளின் வாய்களும் ஒரே நொடியில் பழுதாகக்கூடும்.

திரையில் நீங்காத கோடு விழுந்தாலோ, தீய்ந்த மணம் வந்தாலோ, வேறொரு கணினியில் இணைத்தும் படம் வராவிட்டாலோ தேர்ந்த தொழிலாளரிடம் கொண்டு செல்க. மேற்கூறிய சோதனைகளைச் செய்துவிட்டுச் செல்வோரிடம், இல்லாத குறையை எவரும் எளிதில் ஏற்றிச் சொல்ல இயலாது. எதைச் சோதித்தோம், என்ன கண்டோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது மிக நன்று.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கேபிளின் குற்றமா, திரையின் குற்றமா என அறிவதற்கு வேறொரு நல்ல கேபிள் கையில் இருத்தல் வேண்டும். தனிக் குடும்பத்துக்கு அஃது எப்போதும் வாய்ப்பதில்லை. எனவே, நல்ல வி.ஜி.ஏ. கேபிள் ஒன்றும், எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றும் சங்க நூலகத்தில் வைத்து, நூல் வழங்குவதைப் போலவே இரண்டு நாள் தவணையில் உறுப்பினர்க்கு இரவல் வழங்கலாம். புத்தகப் பதிவேட்டிலேயே ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கிவிடலாம். இரு கேபிள்களையும் வாங்கித் தர நாம் முன்வருகிறோம். செயலாளர் அவர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.